பழைய ஷெவர்லே இம்பாலா: உள்ளே இருப்பது எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ்?

பழைய அமெரிக்க செடானுக்குப் பாகம் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன இன்ஜின்?" என்றுதான். 1965 முதல் 1996 வரை வந்த பெரிய ஷெவர்லே செடான்களான பிஸ்கேன், பெல் ஏர், இம்பாலா, கேப்ரிஸ் ஆகியவற்றில் இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. ஷெவர்லேயின் சின்ன வி8 இன்ஜின் (சின்ன பிளாக் என்பார்கள்) 283, 305, 307, 327, 350, 400 எனப் பல கன அங்குல அளவுகளில் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். போதாததற்கு, இத்தனை வருஷத்தில் பல வண்டிகளில் இன்ஜினும் மாறியிருக்கும், கியர்பாக்ஸும் மாறியிருக்கும். ஏர் கிளீனர் மூடியில் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் பழைய பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்த ஸ்டிக்கர் இன்றைக்கும் புதிதாக விலைக்குக் கிடைக்கிறது. அதை நம்பி எதையும் வாங்க வேண்டாம்.

வின் எனப்படும் வண்டி எண், தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது என்ன இருந்தது என்று சொல்லும். இன்று என்ன இருக்கிறது என்பதை பிளாக்கும் (இன்ஜினின் வார்ப்பு உடல்) கியர்பாக்ஸின் பானும்தான் (அடியிலுள்ள ஆயில் தட்டு) சொல்லும். மூன்றையும் படித்து ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டிகளில் ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம். கீழே இடது, வலது என்று வரும் இடமெல்லாம் ஓட்டுநர் இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்தபடி எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்று பானெட்டைத் திறந்து பார்க்கும்போது பக்கம் மாறிவிடும். தேடும் எண் கிடைக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் தவறான பக்கத்தில் தேடியவர்கள்தான்.

வண்டி எண்ணிலிருந்து தொடங்குங்கள்

1968 முதல் இந்த எண் டேஷ்போர்டின் இடது மூலையில், முன் கண்ணாடி வழியாகத் தெரியும்படி இருக்கும். அதற்கு முந்தைய வண்டிகளில் இடது முன்கதவைத் திறந்து, கீல் இருக்கும் தூணில் பாருங்கள். எண்ணைப் படிக்கும் முறை மூன்று காலகட்டங்களாகப் பிரிகிறது.

1965 முதல் 1971 வரை எண்ணில் இன்ஜின் அளவு கிடையாது. ஆறு சிலிண்டரா, எட்டு சிலிண்டரா என்பது மட்டும் தெரியும். 164697ஜே என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 1 என்றால் ஷெவர்லே, 64 என்றால் வி8 இம்பாலா, 69 என்றால் தூண் வைத்த நான்கு கதவு செடான், 7 என்றால் 1967, ஜே என்றால் விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில் தொழிற்சாலை. மூன்றாவது இலக்கம் ஒற்றைப்படையாக, அதாவது 163 என்று இருந்தால் அந்த வண்டி ஆறு சிலிண்டருடன் பிறந்தது. 283-ஆ 327-ஆ என்பதற்கு இதில் பதில் இல்லை. எண்ணைப் பார்த்தே "ஒரிஜினல் 327" என்று யாராவது சத்தியம் செய்தால் வேறு ஆதாரம் கேளுங்கள்.

1972 முதல் 1980 வரை ஐந்தாவது எழுத்துதான் இன்ஜின், ஆறாவது வருஷம். 1எல்69எல்7ஜே என்றால் ஷெவர்லே, இம்பாலா, நான்கு கதவு செடான், நான்கு பேரல் (காற்றுத் துளை) கார்புரேட்டர் வைத்த 350, 1977, ஜேன்ஸ்வில். இங்கே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரே எழுத்து வருஷத்துக்கு வருஷம் வேறு இன்ஜினைக் குறிக்கும். யு என்ற எழுத்து 1972-இல் பெரிய பிளாக் (உருவில் பெரிய வி8) 402. அதே யு 1977-இல் இரண்டு பேரல் 305. அதனால் முதலில் வருஷத்தைப் படித்துவிட்டு, அந்த வருஷத்துக்குரிய பட்டியலில் மட்டும் எழுத்தைத் தேடுங்கள்.

1981 முதல் எண் 17 இலக்கம். எட்டாவது இலக்கம் இன்ஜின், பத்தாவது வருஷம், பதினொன்றாவது தொழிற்சாலை. வருஷ எழுத்து 1981-க்கு பி (B), 1990-க்கு எல், 1996-க்கு டி (T). ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் இந்த எண்ணில் எங்குமே வராது. அப்படித் தெரிந்தால் அது 1 அல்லது 0. 1994 முதல் 1996 வரை வந்த கேப்ரிஸ் வண்டிகளுக்கு எட்டாவது இலக்கம் மிக முக்கியம். பி (P) என்றால் 5.7 லிட்டர் எல்டி1. டபிள்யூ என்றால் 4.3 லிட்டர் எல்99. இரண்டும் வி8, வெளித்தோற்றமும் ஒன்றேதான். விற்பவர் சொல்வதைக் கேட்டு 5.7 என்று நம்பி 4.3-ஐ வாங்கியவர்கள் உண்டு. 1991 முதல் 1993 வரை ஈ என்றால் 5.0 லிட்டர், 7 என்றால் 5.7 லிட்டர். இவ்விரண்டிலும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் நிற்கும். எல்டி1, எல்99 இரண்டிலும் அது முன்னால், வாட்டர் பம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

தீச்சுவரில் (இன்ஜினுக்கும் வண்டியின் உட்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகரச் சுவர்) ஆணியடித்திருக்கும் தகரத் தட்டைப் பலர் இன்ஜின் தட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது பாடி, பெயிண்ட், சீட் துணி ஆகியவற்றின் விவரம் மட்டுமே. ஆனாலும் அதிலுள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். 03சி என்றால் மார்ச் மூன்றாவது வாரம். 1965 முதல் சில வருஷங்கள், உத்தரவாதப் புத்தகத்துக்குள் சின்ன உலோகத் தகடு ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள். இன்ஜின் எண், கியர்பாக்ஸ் எண், பின் ஆக்ஸில் எண் எல்லாம் அதில் இருக்கும். அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பில்ட் ஷீட் எனப்படும் தயாரிப்புத் தாள் பெட்ரோல் டேங்கின் மேலோ, பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலோ மடிந்து கிடக்கலாம். நொறுங்கிப்போகும் காகிதம் என்பதால் இழுக்காமல், இருந்த இடத்திலேயே முதலில் படம் எடுத்துவிடுங்கள்.

பிளாக்கில் குத்திய எண்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் எர்த் ஒயர் கழற்றியிருக்க வேண்டும். சின்ன பிளாக் வி8-இல் வலது சிலிண்டர் ஹெட்டின் முன் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால், பிளாக்கின் மேல்பரப்பு ஒரு சின்ன மேடைபோல நீட்டிக்கொண்டிருக்கும். எண் குத்தியிருப்பது அங்கேதான். 1969 முதல் ஆல்டர்னேட்டர் வலது பக்கத்துக்கு வந்துவிட்டதால், அந்த வண்டிகளில் அதன் பிராக்கெட் இந்த மேடையைப் பாதி மறைக்கும். பெல்ட்டைத் தளர்த்தி ஆல்டர்னேட்டரைச் சாய்த்தால் பார்க்கலாம். வரிசையான ஆறு சிலிண்டர் இன்ஜினில் வலது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால் தேடுங்கள்.

மேடையில் பல வருஷத்து எண்ணெயும் பெயிண்ட்டும் படிந்திருக்கும். கார்ப் கிளீனர் அடித்துப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, துணியால் துடையுங்கள். உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எழுத்துகள் ஆழமாகக் குத்தப்பட்டவை அல்ல. இரண்டு இழுப்பில் போய்விடும். துடைத்த பிறகும் படிக்க முடியாவிட்டால் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் பாருங்கள்.

வி0319 என்று தொடங்கி இரண்டு எழுத்தில் முடியும் ஒரு வரி இருக்கும். 1970 முதல் முடிவில் மூன்று எழுத்துகள். வி என்றால் மிச்சிகனின் ஃபிளிண்ட் இன்ஜின் ஆலை, 0319 என்றால் மார்ச் 19. கடைசி எழுத்துகள்தான் விஷயம். எந்த அளவு இன்ஜின், எத்தனை குதிரைத்திறன், எந்த கியர்பாக்ஸுக்காகக் கட்டியது என்பதை அவை சொல்லும். இந்த வரியில் வருஷம் இல்லை. அதே இரண்டெழுத்து வேறு வருஷத்தில் வேறு இன்ஜினுக்கும் வந்திருக்கும் என்பதால் வருஷம் தெரியாமல் பட்டியலைத் திறந்து பயனில்லை. 1968 முதல் வண்டி எண்ணின் ஒரு பகுதியையும் இன்ஜினில் குத்தினார்கள். 19 என்று தொடங்கி ஒரு தொழிற்சாலை எழுத்தும் ஆறு இலக்கமும் வந்தால் 1969-ஆம் வருஷ ஷெவர்லே. டேஷ்போர்டு எண்ணின் கடைசி ஆறு இலக்கமும் இதுவும் ஒன்றாக இருந்தால் பிறவி இன்ஜின்.

மேடை மொழுமொழுவென்று காலியாக இருந்தால் பயப்பட வேண்டாம். ரீபில்டு செய்தபோது பிளாக்கின் மேல்பரப்பைச் சீவியிருப்பார்கள், எண்ணும் கூடவே போயிருக்கும். சிஈ என்று தொடங்கும் எண் இருந்தால் அது உத்தரவாதத்தில் மாற்றித் தந்த இன்ஜின். கவலைப்பட வேண்டியது எழுத்துகள் மட்டும் பளிச்சென்று இருந்து, மேடையில் முன்பின்னாக ஓடும் மெல்லிய இயந்திரக் கோடுகள் காணாமல் போயிருக்கும்போதுதான். விலையை ஏற்றுவதற்காகச் சீவிவிட்டுப் புதிதாகக் குத்தும் வேலை அது.

இரண்டாவது சாட்சி வார்ப்பு எண். குத்திய எண் பள்ளமாக இருக்கும். வார்ப்பு எண் புடைத்து நிற்கும். இடது ஹெட்டுக்குப் பின்னால், கியர்பாக்ஸ் வந்து பொருந்தும் விளிம்பின் மேல் இது இருக்கிறது. தீச்சுவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தலை நுழையாது, போன் கேமராவை விட்டுப் படம் எடுங்கள். 3970010 என்பது அதிகம் கண்ணில் படும் எண். பெரும்பாலும் 1969 முதல் 1979 வரையிலான 350 இன்ஜின்தான் அது, ஆனால் 1969-இல் இதே வார்ப்பிலிருந்து 302, 327 ஆகியவையும் வந்தன. ஆகவே வார்ப்பு எண்ணால் மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. மெயின் கேப்புக்கு (கிராங்க்கைத் தாங்கும் மூடி) இரண்டு போல்ட்டா நான்கு போல்ட்டா என்பதையும் இந்த எண் சொல்லாது. அதற்கு ஆயில் பானைத்தான் இறக்க வேண்டும்.

வலது பக்கம் அதே விளிம்பில் வார்ப்புத் தேதி இருக்கும். சி 14 9 என்றால் மார்ச் 14, வருஷத்தின் கடைசி இலக்கம் 9. 1969-ஆ 1979-ஆ என்பதை மற்ற அடையாளங்களோடு வைத்து முடிவு செய்யுங்கள். பிறவி இன்ஜினாக இருந்தால் வார்ப்புத் தேதி முதலில், இன்ஜின் கட்டிய தேதி அடுத்து, பாடித் தட்டின் தேதி கடைசியில் வரும். வண்டி மார்ச்சில் கட்டப்பட்டு, இன்ஜின் ஜூனில் கட்டப்பட்டிருந்தால் அது பிறகு வந்து ஏறியது.

கண்ணால் சரிபார்ப்பது

சின்ன பிளாக்கா பெரிய பிளாக்கா என்பதை வால்வு கவரிலேயே தெரிந்துகொள்ளலாம். சின்ன பிளாக்கின் கவரில் நான்கு போல்ட். பெரிய பிளாக்கின் (396, 402, 427, 454) கவர் அகலமானது, ஏழு போல்ட். சின்ன பிளாக்கிலேயே போல்ட் நான்கும் விளிம்பில் இல்லாமல் கவரின் நடுக்கோட்டில் இருந்தால் 1987 முதல் வந்த ஹெட்.

சின்ன பிளாக்குகளில் 400 மட்டும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். கிராங்க்கின் முன்னால் இருக்கும் பாலன்ஸரில் ஒரு பக்கம் மட்டும் எடை சேர்த்திருக்கும். மற்ற அளவுகளைப் பிரிக்க போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும்தான் (பிஸ்டன் நகரும் தூரம்) வழி: 283-க்கு 3.875, 3.00 அங்குலம், 307-க்கு 3.875, 3.25, 327-க்கு 4.00, 3.25, 305-க்கு 3.736, 3.48, 350-க்கு 4.00, 3.48, 400-க்கு 4.125, 3.75. ஸ்பார்க் பிளக் துளையில் கம்பியை விட்டு ஸ்ட்ரோக் அளக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இந்த இன்ஜினில் பிளக் சாய்வாக இறங்குகிறது. 3.25-க்கும் 3.48-க்கும் உள்ள கால் அங்குலம்கூட இல்லாத வித்தியாசம் அந்தச் சாய்விலேயே அடிபட்டுப்போகும். ஹெட்டைக் கழற்றும் நாளில் வெர்னியரால் அளந்து எழுதி வையுங்கள், அதுதான் கணக்கு.

பழைய விளம்பரத்தில் பார்த்த குதிரைத்திறனை வைத்து இன்ஜினைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். 1971-இல் இரண்டு பேரல் 350-க்கு 245 என்று போட்டிருந்தார்கள். 1972-இல் அதே இன்ஜினுக்கு 165. ஃபேன், ஏர் கிளீனர், சைலன்ஸர் எல்லாம் மாட்டியபடி அளக்கும் முறைக்கு மாறியதுதான் பெரும் காரணம்.

பாடியில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்பதும் ஆதாரம் ஆகாது. 1977-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஓல்ட்ஸ்மொபீல் டெல்டா 88 வண்டிகள் பலவற்றில் ஷெவர்லே 350-ஐ வைத்து விற்றது, வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். ஃபில்டரும் பெல்ட்டும் பொருந்தாமல் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த வருஷத்து வண்டியில் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் ஓல்ட்ஸ் 350, எல் என்றால் ஷெவர்லே 350. ஓல்ட்ஸ் இன்ஜினில் எண்ணெய் ஊற்றும் குழாய் முன்னால் நிற்கும். அந்த வருஷ ஷெவர்லேயில் வால்வு கவரில் ஊற்ற வேண்டும்.

கியர்பாக்ஸ்: பானின் போல்ட்டுகளை எண்ணுங்கள்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அடையாளம் காண அடியில் போய் ஆயில் பானின் உருவத்தையும் போல்ட்டுகளையும் பார்ப்பதே நேர்வழி. சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகே அடியில் போங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் படுக்கக் கூடாது.

பவர்கிளைட்: 14 போல்ட். இரண்டே கியர். கேஸின் பக்கவாட்டில் பெயரே வார்ப்பில் இருக்கும். 1973 வரை வந்தது.

டர்போ ஹைட்ராமேட்டிக் 350: 13 போல்ட். கிட்டத்தட்டச் சதுரமான பானில் வலது பின் மூலை மட்டும் வெட்டியது போலச் சாய்ந்திருக்கும். 1969 முதல்.

டர்போ ஹைட்ராமேட்டிக் 400: இதற்கும் 13 போல்ட்தான், ஆனால் பான் நீளமாக, ஒழுங்கில்லாத உருவத்தில் இருக்கும். பெரிய பிளாக் வண்டிகளில் அதிகம்.

டர்போ ஹைட்ராமேட்டிக் 200: 11 போல்ட். பானில் மெட்ரிக் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். 1976 முதல் வந்தது, சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று பெயர் வாங்கியது. அதனால் இது இருக்க வேண்டிய வண்டிகள் பலவற்றில் இப்போது 350-தான் இருக்கிறது.

700ஆர்4: 16 போல்ட், ஒழுங்கான செவ்வகம். ஓவர்டிரைவுடன் நான்கு கியர். 200-4ஆர்: இதற்கும் 16, ஆனால் பானின் உருவம் செவ்வகமாக இருக்காது.

350-க்கும் 400-க்கும் போல்ட் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் குழப்பம் வருவது இங்கேதான். கிக்டவுன் (ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் கியர் இறங்குவது) எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 350-இல் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் இறங்கி வலது பக்கம் நுழையும். 400-இல் கேபிள் கிடையாது. இடது பக்கம் ஒரு மின்சார ஒயர் வந்து சொருகியிருக்கும். வலது பக்கம் பாதி வழியில் தகட்டு எண் ஒன்றும் 400-இல் இருக்கும். அதிலுள்ள எழுத்துகள்தான் எந்த வண்டிக்கு, எந்த இன்ஜினுக்கு என்று சொல்பவை. 350-க்கும் பவர்கிளைட்டுக்கும் அந்த எண்ணை ஆயில் பானின் வலது பக்கச் சுவரில் குத்தினார்கள். நல்ல யோசனையா என்று இன்றைக்குக் கேட்கலாம். பான் நசுங்கி வேறு பான் மாட்டிய அன்றே அந்த எண்ணும் வேறு வண்டியுடையதாகிவிடுகிறது. அதனால் பானிலுள்ள எண்ணைவிடக் கேஸில் குத்திய வண்டி எண்ணின் பகுதியை நம்புங்கள்.

ஸ்டியரிங் பக்கத்து லிவரில் உள்ள எழுத்து வரிசையை நம்ப வேண்டாம். பவர்கிளைட்டைக் கழற்றி 350 மாட்டுவது அந்தக் காலத்திலேயே சர்வசாதாரணம். இரண்டின் நீளமும் ஏறக்குறைய ஒன்று, டிரைவ்ஷாஃப்ட் சொருகும் யோக்கும் இரண்டுக்கும் 27 பல். லிவரை மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். 400-க்கு 32 பல் யோக் வேண்டும், ஆகவே டிரைவ்ஷாஃப்ட்டிலும் கை வைத்திருப்பார்கள்.

மேனுவல் என்றால் மூடி இடது பக்கம் இருக்கும். நான்கு கியர் பெட்டியில் மூன்று லிவரும் மூடியிலேயே இருந்தால் சாகினா. இரண்டு மூடியிலும் ரிவர்ஸ் லிவர் மட்டும் பின் நீட்சியிலும் இருந்தால் மன்சி. செடான்களில் பெரும்பாலும் கிடைப்பது மூன்று கியர் சாகினாதான்.

கேஸ் எந்த இன்ஜினோடு சேரும் என்பதையும் பார்த்துவிடுங்கள். இன்ஜினோடு இணையும் மேல் விளிம்பு நடுவில் கூம்பாக உயர்ந்தால் ஷெவர்லே, நடுவில் பள்ளமாக இறங்கினால் பியூக், ஓல்ட்ஸ்மொபீல், போன்டியாக். பழைய கியர்பாக்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வந்து, இந்த ஒரு விளிம்பால் ஓரமாகப் போட்டு வைத்தவர்கள் நிறைய.

ஃபோர்டு, கிரைஸ்லர் வைத்திருப்பவர்களுக்கு

ஃபோர்டு வி8-இல் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் இருக்கும். 1980 வரையிலான எண்ணில் ஐந்தாவது எழுத்துதான் இன்ஜின்: 1968-இல் எஃப் என்றால் 302, ஒய் என்றால் இரண்டு பேரல் 390. கதவுத் தட்டின் கியர்பாக்ஸ் கட்டத்தில் டபிள்யூ என்றால் சி4 (பானில் 11 போல்ட்), யு என்றால் சி6 (17 போல்ட்). 1970-இல் எச் என்று இருந்தால் 351 என்பது மட்டும்தான் தெரியும்; விண்ட்ஸரா கிளீவ்லண்டா என்று அது சொல்லாது. வால்வு கவரில் 6 போல்ட் என்றால் விண்ட்ஸர், 8 என்றால் கிளீவ்லண்ட். இரண்டுக்கும் ஹெட், இன்டேக் எதுவும் பொதுவில்லை.

கிரைஸ்லரில் 318, 360 ஆகியவற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால், 383, 440 ஆகியவற்றுக்கு முன்னால் சாய்ந்து இருக்கும். கியர் ஆயிலை டிப்ஸ்டிக்கில் பார்க்கும்போது இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியை பார்க்கில் வைத்தும், கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட்டை நியூட்ரலில் வைத்தும் பார்க்க வேண்டும்.

தப்பாகக் கண்டுபிடித்தால் எங்கே அடி விழும்

ஷெவர்லே சின்ன பிளாக்கில் 1985 வரை கிராங்க்கின் பின் ஆயில் சீல் இரண்டு துண்டு. 1986 முதல் ஒரே துண்டு. சீல் மட்டுமா மாறியது, ஃபிளெக்ஸ்பிளேட் (கிராங்க்கின் பின்னால் கியர்பாக்ஸோடு இணைக்கும் பல் தட்டு) போல்ட்டுகளின் வட்டமும் மாறியது. 1979 கேப்ரிஸில் 1988 இன்ஜின் இருப்பது தெரியாமல் வண்டியின் வருஷத்தைச் சொல்லி வாங்கினால் சீலும் பொருந்தாது, பிளேட்டும் பொருந்தாது.

400-க்கு எடை சேர்த்த பாலன்ஸரும் எடை சேர்த்த ஃபிளெக்ஸ்பிளேட்டும் வேண்டும். 350-க்கானதை மாட்டினால் வேகம் ஏற ஏற நடுக்கம் கூடும், பேரிங் போகும்.

ஸ்டார்ட்டர் வாங்கும் முன் ஃபிளெக்ஸ்பிளேட்டின் பல்லை எண்ணுங்கள். 153 பல் என்றால் ஸ்டார்ட்டரின் இரண்டு போல்ட்டும் நேர்க்கோட்டில் வரும், 168 பல் என்றால் முன்பின்னாகக் கோணலாக வரும். சில பிளாக்குகளில் இரண்டு விதத் துளையும் இருப்பதால் தவறான ஸ்டார்ட்டரும் உட்கார்ந்துவிடும். பிறகு சாவி போடும்போதெல்லாம் பல் அரைபடும்.

கடையில் "5.0 லிட்டர்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஷெவர்லே 305, ஷெவர்லே 307, ஓல்ட்ஸ்மொபீல் 307, ஃபோர்டு 302 எல்லாமே 5.0 லிட்டர்தான். குத்திய எண், வார்ப்பு எண், வார்ப்புத் தேதி, பானின் போல்ட் எண்ணிக்கை ஆகிய நான்கையும் படங்களோடு போனில் வைத்திருங்கள். கூடவே ஒரு தாளில் எழுதி, ரேடியேட்டர் சட்டத்தின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டிவிடுங்கள். அடுத்து இந்த வண்டிக்குக் கீழே படுப்பவருக்கு ஒரு மணி நேர வேலை மிச்சம்.